கடனில் போகாத காணி: அருள்தந்தை ஹாஃப்மன் வாழ்வு தரும் பாடம்

விவசாயக் குடும்பங்களுக்குக் கையில் காசு இல்லாத காலம் எது என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்க வேண்டும். உழவு கூலி கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளுக்குச் சீருடையும் நோட்டுப் புத்தகமும் வாங்கியாக வேண்டும். சென்ற ஆண்டு விளைந்தது தீர்ந்துபோயிருக்கும். இந்த ஆண்டு விளைச்சல் வீடு வந்து சேர இன்னும் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார். அல்லது, நாமே அவர் வாசலுக்குப் போகிறோம்.

கள்ளக்குறிச்சிப் பகுதியில் நெல்லும் கரும்பும் பயிரிடும் சமவெளி மக்களுக்கு இது புதிதல்ல. கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் பயிரிடும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கோ இது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சுமை. அந்த மலை 1976-ஆம் ஆண்டு வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. உழுத நிலத்துக்குப் பட்டா இல்லை. ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்தே அந்த மக்களுக்கு விடுதலை வந்தது. ஆனால் ஜாகிர்தார் போனபின்பும் கடன் போய்விடவில்லை. எஸ்டேட் வேலைக்கும் வெளியூர் வேலைக்கும் ஆள் எடுப்பவர்கள் தரும் முன்பணம் இன்றும் பல குடும்பங்களை மாதக்கணக்கில் ஊரைவிட்டு இழுத்துச் செல்கிறது.

இதே போன்ற ஒரு மலைநாட்டில், இதே போன்ற மக்களிடையே, நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இயேசு சபைக் குரு வாழ்ந்தார். கடனால் நிலத்தை இழந்துகொண்டிருந்த மக்கள், தங்கள் சொந்தச் சேமிப்பைக் கொண்டே நிலத்தைக் காத்துக்கொள்ள அவர் வழி காட்டினார். அவர் பெயர் அருள்தந்தை ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன். இன்றைய ஜார்கண்ட் மாநிலத்தில் அவரை அறியாத கத்தோலிக்கர் குறைவு. தமிழகத்தில் அவரைப் பற்றி நாம் அதிகம் கேட்டதில்லை. அவருடைய வாழ்வைச் சற்றே திரும்பிப் பார்ப்பது, சேமிப்பையும் கடனையும் பற்றி நாம் தெளிவு பெற உதவும்.

ஹாஃப்மன் 1857-ஆம் ஆண்டு ஜெர்மனியில், டிரியர் நகரை அடுத்த வாலண்டார்ஃப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் ஜெர்மன் அரசு கத்தோலிக்கத் திருச்சபையை நெருக்கியது. 1872-இல் இயேசு சபையினர் அந்நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். எனவே குருவாக விரும்பிய இளைஞர் பலர் வேறு நாடுகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஹாஃப்மன் இருபது வயதளவில் இயேசு சபையில் சேர்ந்தார். பெல்ஜியம் நாட்டு இயேசு சபையினர் நடத்திவந்த வங்காள மறைப்பணித் தளத்துக்கு வந்து, இங்கேயே படித்துக் குருவானார். 1890-களின் தொடக்கத்தில் ராஞ்சியைச் சுற்றியுள்ள சோட்டாநாக்பூர் மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அப்போது அந்த மலைநாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? முண்டா, உராவோன் போன்ற பழங்குடி மக்கள் காட்டை வெட்டித் திருத்தி, ஊர்களை உண்டாக்கியவர்கள். ஊரை உண்டாக்கிய குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கே அந்த நிலம் பொதுவில் உரியது என்பது அவர்களது வழக்கம். இதைக் குந்த்கட்டி உரிமை என்பார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்த ஜமீன்தார்களுக்கும் வட்டிக்காரர்களுக்கும் இந்த வழக்கம் புரியவும் இல்லை, தேவைப்படவும் இல்லை. காகிதத்தில் எழுதப்படாத உரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. குத்தகை உயர்ந்தது. கூலியில்லா உழைப்பு கட்டாயமாக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் வாங்கிய நெல்லுக்கு அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்க முடியாதபோது, நிலம் கைமாறியது.

ஹாஃப்மனுக்கு முன்பே அங்கு வந்தவர் அருள்தந்தை கான்ஸ்டன்ட் லீவன்ஸ். 1885-இல் வந்த அவர், மக்களுடைய வழக்குகளைக் கேட்டு, நிலச்சட்டங்களைக் கற்று, நீதிமன்றங்களில் அவர்களுக்கு உதவினார். ஆயிரக்கணக்கானோர் அவரைத் தேடி வந்து திருமுழுக்குப் பெற்றனர். கடும் உழைப்பாலும் காசநோயாலும் தளர்ந்த அவர், 1893-இல் பெல்ஜியத்தில், முப்பத்தேழு வயதில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற மக்களையே ஹாஃப்மன் பெற்றுக்கொண்டார்.

ஹாஃப்மன் முதலில் செய்தது மக்களின் மொழியைக் கற்றுக்கொண்டதுதான். சர்வதா என்னும் ஊரில் தங்கி முண்டாரி மொழியைக் கற்றார். வெறும் பேச்சுக்காகக் கற்கவில்லை. அந்த மொழியின் இலக்கணத்தை எழுதி 1903-இல் வெளியிட்டார். அவர்களுடைய பாட்டையும் நடனத்தையும் பற்றி 1907-இல் எழுதினார். நிலத்துக்கு அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும், எல்லைக்கல்லுக்கும், கல்லறைக் கல்லுக்கும் என்ன பொருள் என்று கேட்டறிந்தார். முண்டாக்களின் நில வழக்கம் எது என்று அரசு அதிகாரிகளுக்குச் சான்றோடு எடுத்துச் சொல்ல இந்த அறிவே பின்னர் அவருக்கு உதவியது.

அவருடைய பணி எளிதாக இருக்கவில்லை. அந்த மக்களின் மனக்கொதிப்பு பிர்சா முண்டாவின் தலைமையில் பெரும் எழுச்சியாக வெடித்தது. 1899-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின இரவில் சர்வதா பணித்தளத்தின் மீதும் அம்புகள் பாய்ந்தன. எழுச்சியில் இறங்கியவர்களின் கண்ணுக்கு ஹாஃப்மனும் ஓர் அந்நியர்தான். எழுச்சியை அரசு படைபலத்தால் அடக்கியது. பிர்சா முண்டா 1900-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராஞ்சிச் சிறையில் இறந்தார். அவருக்கு அப்போது வயது இருபத்து நான்குதான்.

தன் மீது அம்பு எய்தவர்களின் குறையே நியாயமானது என்பதை ஹாஃப்மன் மறக்கவில்லை. நிலப் பிரச்சினை தீராமல் அமைதி வராது என்பதை அவர் அதிகாரிகளிடம் தொடர்ந்து எடுத்துரைத்தார். அரசு ராஞ்சி மாவட்டத்தில் நில அளவையையும் உரிமைப் பதிவையும் தொடங்கியது. முண்டாக்களின் நில முறையைப் பற்றி அவர் தந்த விளக்கங்கள் சட்டம் இயற்றியவர்களுக்குப் பெரிதும் துணையாயின. 1908-ஆம் ஆண்டு சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. குந்த்கட்டி உரிமையை அது ஏற்றுக்கொண்டது. பழங்குடி மக்களின் நிலம் வெளியாருக்குக் கைமாறுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்துவருகிறது. 2016-இல் அதைத் திருத்த ஜார்கண்ட் அரசு முயன்றபோது மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர். மறு ஆண்டில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இத்துடன் வேலை முடிந்தது என்று வேறு யாராவது நினைத்திருக்கலாம். ஹாஃப்மன் அப்படி நினைக்கவில்லை. அவருடைய வாழ்வில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. நிலத்தை விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம். ஆனால் வீட்டில் விதை நெல் இல்லாதபோது, பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது, அந்தக் குடும்பம் எங்கே போகும்? மீண்டும் அதே வட்டிக்காரரிடம்தான் போகும். நிலத்தை எழுதிக் கொடுக்க முடியாவிட்டால் விளைச்சலை எழுதிக் கொடுக்கும்; விளைச்சலும் இல்லாவிட்டால் தன் உழைப்பையே அடகு வைக்கும். ஆகவே சட்டம் கதவைத்தான் அடைக்கும், பசியை அடைக்காது. சட்டத்துக்குப் பக்கத்தில் மக்களுக்கென்று சொந்தமாக ஒரு பணப்பெட்டி வேண்டும். சட்டம் வந்த மறு ஆண்டே, 1909-இல், அவர் சோட்டாநாக்பூர் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார்.

இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவர் பிறந்த அதே ரைன் பகுதியில், ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்னும் ஊராட்சித் தலைவர் இருந்தார். 1846-47 பஞ்சத்தில் ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கிடைக்கச் சங்கம் அமைத்தவர் அவர். பணக்காரர்கள் இரங்கித் தரும் உதவி சில ஆண்டுகளில் வற்றிவிடுகிறது என்பதை அவர் அனுபவத்தில் கண்டார். கடன் பெறுபவர்களே உறுப்பினர்களாகவும், ஒருவருக்கொருவர் பிணையாகவும் நிற்கும் கடன் சங்கத்தை 1864-இல் ஹெடெஸ்டார்ஃபில் அமைத்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். ஆனால் அவர் காட்டிய வழியில் எல்லாச் சபையினரும் நடந்தனர். கனடாவின் லெவி நகரில் அல்போன்ஸ் டெஜார்டின் என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் 1900-இல் பங்குத்தள அளவில் தொடங்கிய மக்கள் வங்கியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

இதில் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பாவின் விவசாய வங்கிகளை ஆராயும்படி பணித்தது. 1895-இலும் 1897-இலும் வெளியான அவருடைய அறிக்கை, ரைஃபைசன் முறையே நம் கிராமங்களுக்குப் பொருந்தும் என்று கூறியது. அதன் பின்னரே 1904-இல் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின. இவ்வாறு சென்னையில் விதைத்தது ராஞ்சி மலையிலும் பயன் தந்தது.

ஹாஃப்மன் தொடங்கிய சங்கம் எப்படி நடந்தது? ராஞ்சியில் தலைமை அலுவலகம். பங்குகளிலும் ஊர்களிலும் கிளைகள். ஊரில் யார் உறுப்பினர், யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதில் ஊர்ப் பெரியவர்களின் பஞ்சாயத்துக்குப் பொறுப்பு இருந்தது. கடன் கேட்பவரின் நிலம் எங்கே, மாடு எத்தனை, அவர் உழைப்பாளியா, குடிக்குப் பணத்தைத் தொலைப்பவரா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வெளியூர் வங்கி அதிகாரி பத்து காகிதங்கள் கேட்டும் அறிய முடியாததைப் பக்கத்து வீட்டுக்காரர் அறிவார். நாணயமே அங்கே ஈடு. உறுப்பினர்களின் சிறு சேமிப்பே முதல். பிறர் தந்த நன்கொடையைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக அந்தச் சங்கம் ஏற்பட்டதல்ல.

பணம் புழங்காத ஊரில் பணத்தைச் சேமி என்று சொல்வது எப்படி? எனவே நெல்லைச் சேமிக்கும் களஞ்சியங்களும் ஊர்களில் எழுந்தன. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு வீடும் கொஞ்சம் நெல் கொண்டுவந்து போடும். பசிக்கும் மாதங்களில் தேவைப்படுவோர் அதிலிருந்து எடுப்பர். அடுத்த அறுவடையில் சிறிதளவு கூட்டித் திருப்பிப் போடுவர். வட்டிக்காரரிடம் போனால் கூடுதல் நெல் அவருடைய குதிருக்குப் போகும். இங்கேயோ, அது ஊர்க் களஞ்சியத்திலேயே தங்கும். அடுத்த ஆண்டு பசியைத் தீர்க்கும். இந்த ஒரே வேறுபாடுதான் கூட்டுறவின் உயிர்நாடி. நம் பாட்டிமார்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைப்பார்கள் அல்லவா? அந்தப் பிடி அரிசியே ஊர் அளவுக்கு வளர்ந்ததாக எண்ணிப் பார்க்கலாம்.

சில ஆண்டுகளில் கூட்டுறவுப் பண்டகசாலையையும் அவர் தொடங்கினார். மலையில் விளைவதைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, உப்பையும் துணியையும் கூடுதல் விலைக்கு வாங்கும் நிலை மாற வேண்டும் என்பதே அதன் நோக்கம். கடன் மட்டும் ஏமாற்றுவதில்லை; தராசும் ஏமாற்றும் என்று அவர் அறிந்திருந்தார். மலையில் புளியும் நெல்லிக்காயும் சேகரித்துக் கீழே கொண்டுவரும் மக்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்பு சோதனை வந்தது. முதல் உலகப் போர் மூண்டது. ஹாஃப்மன் ஜெர்மன் நாட்டவர், ஆள்வதோ ஆங்கிலேயர். அரசுக்குச் சட்டம் இயற்ற உதவியவர் என்பதோ, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தவர் என்பதோ அவரைக் காக்கவில்லை. 1915-இல் நாடு கடத்தப்பட்டார். தன் மக்களிடம் அவர் திரும்பி வரவே இல்லை. ஜெர்மனியில் இருந்தபடியே முண்டாரி மொழிக்கும் வாழ்வுக்குமான பெரிய கலைக்களஞ்சியத்தை எழுதும் பணியில் தன் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். அதில் அவருக்குத் துணை நின்றவர் அருள்தந்தை ஆர்தர் வான் எமெலன். பல தொகுதிகள் கொண்ட அந்த நூல் அச்சில் வெளிவருமுன்பே, 1928-ஆம் ஆண்டு, தம் எழுபத்தோராம் வயதில் ஹாஃப்மன் இறைவனடி சேர்ந்தார்.

அவர் போனபின் சங்கம் என்ன ஆனது? ஆறு ஆண்டுக் குழந்தை அது. அவரை மட்டுமே நம்பி நின்றிருந்தால் அன்றே விழுந்திருக்கும். விழவில்லை. நூறு ஆண்டுகளைக் கடந்து நின்றது. ஏனெனில் பெட்டியில் இருந்தது அவருடைய பணம் அல்ல, மக்களுடைய பணம். கணக்கைப் பார்த்தவர்களும் ஊரார்தான். ஒரு நல்ல மேய்ப்பரின் வேலை எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தன்னைத் தேடி வருபவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்ல. தான் இல்லாதபோதும் அவர்கள் நிற்கும்படி செய்வதே.

அன்பார்ந்தவர்களே! இந்த வாழ்வை நம் ஊரோடு பொருத்திப் பார்ப்போம். நம்மிடமும் சட்டங்கள் உண்டு. கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. கடனை மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் இன்னொரு சட்டம் வந்தது. இவை தேவையானவை, வரவேற்க வேண்டியவை. ஆனால் கூட்டுறவும் சேமிப்பும் இல்லாத ஊரில் சட்டம் மட்டும் என்ன செய்யும்? ஹாஃப்மன் 1908-உடன் நின்றுவிடாமல் 1909-க்கும் சென்றார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதற்கான அமைப்புகளும் நம்மிடையே இல்லாமல் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஊர்களில் உள்ளன. தமிழகத்தின் மலைப்பகுதிகளில் பழங்குடி மக்களுக்கென லேம்ப் எனப்படும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் கள்ளக்குறிச்சி அப்போது சேர்ந்திருந்த தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வாரந்தோறும் கூடி, கையிலிருப்பதைப் போட்டு, நோட்டில் எழுதி, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்ட அந்தத் தொடக்கம் ஹாஃப்மனின் சங்கத்துக்கு மிகவும் நெருங்கிய உறவு.

ஆனால் ஒரு மாற்றம் மெல்ல நுழைந்துவிட்டது. பல இடங்களில் குழு என்றாலே வெளியிலிருந்து கடன் வாங்கும் வழி என்றாகிவிட்டது. சேமிப்பு பின்னால் போய்விட்டது. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்குகிறோம். வசூலுக்கு வருபவர் வாசலில் நிற்கும்போது, ஒன்றாக அமர்ந்து செபமாலை சொன்ன அண்டைவீட்டுச் சகோதரிகளே ஒருவரையொருவர் குறைசொல்லிக்கொள்கிறார்கள். பிணை என்பது தாங்குவதற்காக ஏற்பட்டது; நெருக்குவதற்காக அல்ல. வட்டி ஊருக்குள் தங்குகிறதா, ஊரைவிட்டு வெளியே போகிறதா என்று ஒவ்வொரு குழுவும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. முதலில் சேமிப்பு, பிறகு கடன் என்ற வரிசையை மாற்றாதிருப்போம். என்ன காரியத்துக்குக் கடன் என்பதைக் குழுவில் வெளிப்படையாகச் சொல்வோம். விதைக்கும், மாட்டுக்கும், மருத்துவத்துக்கும், படிப்புக்கும் வாங்கும் கடனையும், ஊர் மெச்ச நடத்தும் விருந்துக்கு வாங்கும் கடனையும் ஒன்றாக நினைக்காதிருப்போம். கணக்கு நோட்டை எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் மட்டும் விட்டுவிடாமல், எல்லோரும் கேட்க வாசிப்போம். ஒரு வீட்டில் நோயோ சாவோ வந்து தவணை தவறினால், அந்த மாதம் அவர்களைத் தாங்கிக்கொள்வோம். அடுத்த மாதம் நம் வீடாகவும் இருக்கலாம். மலையிலிருந்து பிழைப்புக்காக இறங்கி வரும் மக்களை இரக்கத்துக்குரியவர்களாகப் பார்க்காமல், சேமிக்கவும் கணக்குப் பார்க்கவும் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளவும் வல்ல சகோதர சகோதரிகளாகப் பார்ப்போம்.

ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் கவனித்தார். சிறு தொகை அவர் கண்ணுக்குச் சிறியதல்ல. ஏழைகள் தங்கள் வியர்வையிலிருந்து எடுத்து வைக்கும் பத்து ரூபாயும் அப்படியே. அதைச் சிதறவிடாமல் சேர்த்து, நேர்மையாகக் காத்து, தேவையில் இருப்பவரின் கையில் சேர்ப்பது ஒரு பொருளாதார ஏற்பாடு மட்டுமல்ல. பிறரன்பின் செயலும் ஆகும். அருள்தந்தை ஹாஃப்மன் அதைச் செய்து காட்டினார். அவர் காத்த காணிகளில் முண்டா மக்களின் கொள்ளுப்பேரர்கள் இன்றும் உழுகிறார்கள். நம் வீட்டு நிலமும், கல்வராயன் மலைமக்களின் நிலமும் கடனில் போகாதிருக்க, வரும் வாரக் குழுக் கூட்டத்திலேயே சேமிப்பு நோட்டை எடுத்துப் பார்ப்போம். இறைவன் நம் சிறு முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக!